வாங்கிய உழைப்பும் வாங்காத மனிதனும்

சாந்தோம் கடற்கரையோடு சேர்த்துச் சொல்லப்படும் பழங்கதை ஒன்று உண்டு. கடலில் மிதந்து வந்த பெருமரம் ஒன்றை யானைகளைக் கட்டி இழுத்தும் அசைக்க முடியவில்லை. தோமையார் தம் இடைக்கச்சையை அதில் கட்டி எளிதாகக் கரை சேர்த்தார். அந்த மரத்தை அறுத்துக் கோயில் எழுப்ப ஆட்களை அமர்த்தினார். உழைத்தவர்கள் வந்து நின்றபோது கடல் மணலை அள்ளிக் கொடுக்க, அது அரிசியாயிற்று என்பது கதை. இது கொல்லத்தில் நிகழ்ந்தது என்பாரும் உளர். மயிலையில் நிகழ்ந்தது என்பாரும் உளர். கதையின் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. ஒரு மகானின் அற்புதத்தைச் சொல்ல வந்தபோதுகூட, வேலை வாங்கினார் என்று சொல்லிய வாய் கூலி கொடுத்தார் என்பதையும் சொல்லாமல் விடவில்லை என்பதே நம் கருத்தைக் கவர்வது.

தோமையாரின் கல்லறையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே முஸ்லிம்களும் மதிப்போடு வந்து சென்றனர் என்று மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் செய்தியாக எழுதினார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், சிதைந்து கிடந்த அந்தச் சிறு கோயிலை ஏழை முஸ்லிம் ஒருவர் காத்து வந்தார் என்றும், வருவோரிடம் யாசித்துப் பெற்ற பொருளில் இரவு விளக்கை எரிய வைத்தார் என்றும் குறித்திருக்கிறார். இன்று வானளாவி நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1896 இல் முடிந்த கட்டடத்துக்கு உரியது. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்னர், பெயர் தெரியாத நம்மவர் ஒருவர் அங்கே எண்ணெய் ஊற்றிக் கொண்டிருந்தார். அவருக்கு முதலாளி இல்லை. பின்னால் நின்று அதட்டுவாரும் இல்லை. இவரைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளையை அறியாத முஸ்லிம் வணிகர் எவரும் இருக்க முடியாது. ஜும்ஆ மேடைகளிலும் மீலாது மேடைகளிலும் ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாதப் பிறப்பன்றே சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கட்டளை நிறைவேறிற்று என்று நிம்மதி கொள்ளும் முதலாளிகள் நம்மில் பலர். நல்லவர்களே. ஆயினும் அந்த நிம்மதியைச் சற்றே அசைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில், வேலை செய்கிறவர்களிடம் மனம்விட்டுப் பேசினால் அவர்கள் சொல்லும் முதல் குறை பல வேளைகளில் சம்பளமாக இருப்பதில்லை. “மேலே இருக்கிறவர் சரியில்லை” என்பதுதான் அது.

பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் சாந்தோம் சந்துகளிலும் வாழும் பெண்கள் பலர் காலையில் பேருந்தேறித் தியாகராய நகர்க் கடைகளுக்குப் போகிறார்கள். ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும் அவர்களுடைய உழைப்பில் மின்னுகின்றன. (உஸ்மான் சாலை, 1934 இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கியது என்பது நம் இளைஞர் பலருக்கு நினைவில்லை.) இரவு கடையடைத்துத் திரும்பி இறங்குகையில் அவர்களின் நடையைக் கவனித்தால் போதும், அன்றைய பகல் எப்படிக் கழிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 2010 இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் இத்தகைய கடைகளின் உள்வாழ்வைக் காட்டியபோது ஊரே கண் கலங்கிற்று. கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு அதே தெருவில்தான் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் துணி எடுத்தோம்.

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவைச் சேர்ப்பது அதன் நோக்கம். கடைகளில் பணிபுரிவோர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். இவ்வளவே. கேரளம் இதற்கு முன்னரே 2018 இல் இத்தகைய திருத்தத்தைச் செய்துவிட்டது. அங்கே கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில், விஜி என்னும் பெண்மணி திரட்டிய கடைப் பெண்களின் கூட்டம், முதலில் கழிப்பிடம் வேண்டும் என்று கேட்டது. பிறகு உட்கார இடம் வேண்டும் என்று கேட்டது.

ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டமன்றம் கூடிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நாற்காலியின் விலை என்ன? பெரிய மாளிகைக் கடைகளில் ஒரு நாள் மின் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே தடை பணமன்று. வாடிக்கையாளர் வரும்போது பணியாள் அமர்ந்திருந்தால் கடைக்கு மரியாதை குறையும் என்ற எண்ணமே தடை. யாருமில்லாத பிற்பகலில்கூட அவர் நிற்க வேண்டும். நிற்பதால் ஒரு முழம் துணிகூடக் கூடுதலாக விற்காது. ஆயினும் நிற்க வேண்டும். அந்த நிற்றல் எதற்காக? தன் கீழ் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தான் உணர்ந்துகொண்டிருப்பதற்காக. தீய மேலதிகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஊதியம் கொடுக்கிறவர் எதை வாங்குகிறார்? நம் சட்ட நூல்களாகிய ஃபிக்ஹு இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. கூலிக்கு அமர்த்தும் உடன்படிக்கையை அது ‘இஜாரா’ என்னும் தலைப்பின் கீழ் வைக்கிறது. இஜாராவில் கைமாறுவது பொருளன்று, பொருளின் பயன். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் வீட்டுக்கு உடையவர் ஆகிவிடுவதில்லை. குறித்த காலம் அதில் குடியிருக்கும் பயனுக்கே உரியவர். அவ்வாறே ஆளை அமர்த்தியவர் ஆளுக்கு உடையவர் ஆகிவிடுவதில்லை. என்ன வேலை, எவ்வளவு காலம், என்ன கூலி என்று அறியப்பட்ட ஒரு பயனைத்தான் அவர் வாங்கியிருக்கிறார். எஞ்சியது, அதாவது அம்மனிதரின் மானம், அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம், அவருடைய தந்தை பெயர், பிறந்த ஊர், பேச்சு வழக்கு, இவையெல்லாம் விலைப்பட்டியலில் ஏறவே இல்லை.

மறுமை நாளில் மூவருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று இறைவன் கூறுவதாக ஒரு ஹதீஸ் புகாரியில் வருகிறது. இறைவன் பெயரால் வாக்களித்துவிட்டு மோசம் செய்தவர் ஒருவர். சுதந்திரமான மனிதனை விற்று அந்தப் பணத்தை உண்டவர் ஒருவர். ஆளை அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர் ஒருவர். பின்னிரண்டும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதை விரிவுரையாளர்கள் கவனித்திருக்கிறார்கள். விலை கொடாமல் ஒருவரின் உழைப்பை எடுப்பது அவரை அடிமையாக்கியதற்கு ஒப்பாகும் என்று அவர்கள் விளக்கினார்கள். அவ்வாறாயின், எட்டு மணி நேரத்துக்குக் கூலி பேசிவிட்டுப் பத்தாவது மணியையும் எடுத்துக்கொள்வதும், கணக்கெழுதக் கூலி பேசிவிட்டுக் கணக்கோடு வசையையும் தாங்கச் சொல்வதும் எந்த வகையைச் சேரும்? இரண்டு கஜத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்று கஜத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவரைப் பிடித்து நிறுத்த நம் வணிகருக்குத் தெரியும். அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை நினைத்துத் தராசுத் தட்டைத் தொடவே அஞ்சும் கடைக்காரர்களை நான் அறிவேன். கடிகாரமும் ஒரு தராசுதான் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

திருமறையில் ஒரு வேலை உடன்படிக்கை வருகிறது. மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யன் சேர்ந்து, இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே அமர்த்தத் தக்கவர் என்று பரிந்துரைக்கிறாள். இந்த இரு தகுதிகளையும் நாம் பல பேருரைகளில் கேட்டிருக்கிறோம். அதை அடுத்து வருவதைத்தான் மறந்துவிடுகிறோம். அந்த முதியவர் (அவர் ஷுஐப் நபி என்பது பலருடைய விளக்கம்) கால அளவை எட்டு ஆண்டுகள் என்று சொல்கிறார். பத்தாக்குவது உம் விருப்பம் என்கிறார். உம்மைத் துன்புறுத்த நான் விரும்பவில்லை என்றும் தாமாகவே சொல்கிறார். மூஸா (அலை) அவர்களோ, இரண்டில் எதை நான் நிறைவேற்றினாலும் அதற்கு மேல் என்மீது வரம்பு மீறுதல் கூடாது என்று நிபந்தனை வைத்து, இறைவனைச் சாட்சியாக்குகிறார்கள். நாடிழந்து பசித்து வந்த ஏழை. எதிரே புகலிடம் கொடுக்கிறவர். இருந்தும் பணியாள் நிபந்தனை சொல்கிறார், முதலாளி அதைக் கேட்டுக்கொள்கிறார். “வேலை கேட்டு வந்தவனுக்கு இவ்வளவு வாயா?” என்று நம் கல்லாக்களில் எழும் குரலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் பத்து ஆண்டுகள் பணிசெய்த அனஸ் (ரலி) அவர்கள், அந்த நெடுங்காலத்தில் ஒருமுறைகூடத் தம்மிடம் சலித்துக்கொண்டதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை என்று பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்தார்கள். இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பணியாள் உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரை உங்களோடு உட்கார வையுங்கள். அது இயலாவிட்டால் ஓரிரு கவளமேனும் கொடுங்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரல்லவா என்பது அந்த அறிவுரையின் கருத்து. உட்கார வைப்பதே அங்கு முதலில் சொல்லப்படுகிறது; கவளம் அதற்கு அடுத்தபடி. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு இந்த ஹதீஸே நினைவுக்கு வந்தது.

“அச்சமில்லாவிட்டால் வேலை நடக்குமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள வணிகர்களே கேட்கிறார்கள். ஆகையால் இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நேரத்துக்கு வராதவரும் கைசுத்தம் இல்லாதவரும் உலகில் இருக்கிறார்கள். உடன்படிக்கை இரு பக்கமும் கட்டும். பேசிய வேலையைச் செய்யாமல் கூலி வாங்குவதும் பிறர் பொருளை உண்பதுதான். தவறினால் கண்டிக்கலாம், பிடித்தம் சட்டப்படி செய்யலாம், பொருந்தாவிட்டால் முறைப்படி அனுப்பியும் விடலாம். ஆனால் கண்டிப்பு வேறு, அச்சுறுத்தல் வேறு. மயிலையோடு சேர்த்துப் பேசப்படும் திருவள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அடுத்த அதிகாரம் கண்ணோட்டம். அரசனுக்குச் சொன்னதெனினும் பத்துப் பேரை வைத்து ஆள்பவனுக்கும் அது பொருந்தும். அச்சத்தால் கிடைப்பது கண்காணிக்கும் நேரத்து வேலை மட்டுமே. கேட்பாரற்ற இடத்தில் இரவுதோறும் விளக்கெரித்த அந்தச் சாந்தோம் ஏழையை எந்த அதட்டல் எழுப்பிற்று?

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளி ‘மோசமான முதலாளி’ என்று சொல்லும் ஆள் பெரும்பாலும் முதலாளியே அல்லர். இடையில் நிற்பவர். அவரும் சம்பளக்காரரே. பெரிய கடைகளில் மேற்பார்வையாளர், ஆலையில் மேஸ்திரி, தோட்டத்தில் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிக்கு, அன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு காசு என்று கணக்கு இருந்தது. காய்ச்சலில் கிடந்தவரையும் அவர் ஏன் தட்டி எழுப்பினார் என்பதற்கு அவருடைய நெஞ்சின் கொடுமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அவருக்குக் கூலி கொடுத்த முறையே அப்படி. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய கடைகளில் மாதந்தோறும் விற்பனை இலக்கு ஒன்றை எழுதிக் கொடுத்து, எட்டாவிட்டால் உன் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு மாடியறைக்குப் போய்விடும் முதலாளி, தாம் யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை என்று உண்மையாகவே நம்புவார். கடியும் வேலையை அவர் குத்தகைக்கு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். நிருவாகத்தைத் திருத்த விரும்புகிறவர், இடையில் நிற்பவர் எதற்காகப் பாராட்டப்படுகிறார், எதற்காகத் தண்டிக்கப்படுகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சென்னைக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1918 ஏப்ரல் 27 இல் இந்நகரில் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முயற்சியால் திரண்டு, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டார்கள். அவர்கள் முன்வைத்த குறைகளுள் முதன்மையானவை எவை? நண்பகல் உணவுக்குக் கொடுத்த அரைமணி நேரம் போதவில்லை. மேலே இருப்பவர்கள் அடிக்கிறார்கள், இழிவாகப் பேசுகிறார்கள். அமர்ந்து உண்ண நேரமும், மனிதராக நடத்தப்படுதலும்! ஆலை நிருவாகம் வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. அந்த வழக்கு எழுப்பிய கேள்வியே 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. அரைமணி நேரத்தைப் பற்றிய முறையீட்டை அன்றே செவிமடுத்திருந்தால் அந்த நிருவாகம் எவ்வளவோ இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

முறையீடு என்றதும் நம் வீடுகளில் எழும் தயக்கத்தைத் தனியே பேச வேண்டும். அலுவலகத்தில் மகன் படும் துன்பத்தைச் சொன்னால் வாப்பா, “சபூர் செய், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்கிறார். உம்மாவோ, “மேலதிகாரியைப் பற்றிப் புறம் பேசாதே மகனே” என்கிறார். இருவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மார்க்கம் அப்படியா சொல்லிற்று? புறம் பேசுவதை வன்மையாகக் கண்டித்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களே, ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் அது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எடுத்துரைக்கையில் முதலாவதாக வைத்தது, அநீதிக்கு உள்ளானவர் அதை நீக்கும் ஆற்றலுள்ளவரிடம் முறையிடுவதைத்தான். பொறுமை என்பது துன்பத்தில் நிலைகுலையாமை. அநீதிக்கு நாவைக் கொடுக்காமல் விடுவதன்று. மகன் தேநீர்க் கடையில் நின்று அதிகாரியின் குடும்பத்தை இழித்துப் பேசினால் அது புறம். நடந்ததை நாள் குறித்து எழுதி, கேட்க வேண்டியவரிடம் கொடுத்தால் அது அவனுடைய ஹக்கு. கணக்கைத் திரித்து எழுது என்று மேலதிகாரி சொன்னால் மறுப்பது அவனுடைய கடமையே. படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குப் பணிவது இல்லை என்பது நாம் அறிந்த நெறி. நாட்டுச் சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மேற்சொன்ன 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணிசெய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்குவதைத் தடுக்கிறது. இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை இளைஞர்கள் கைகட்டி வெளியேறினார்கள்!

முறையீட்டைக் கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும்? உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கூஃபா நகரத்தார், தங்கள் ஆளுநர் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றிக் குறை சொன்னார்கள். அவர் எளிய மனிதரல்லர்; பாரசீகத்தை வென்ற படைத்தலைவர்; சுவனம் உறுதி சொல்லப்பட்ட பதின்மருள் ஒருவர். ஆயினும் உமர் (ரலி) அவர்கள், இவ்வளவு பெரியவர்மீதா புகார் என்று கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி, அம்மார் (ரலி) அவர்களை அமர்த்தி, நேரில் வரவழைத்து விளக்கம் கேட்டார்கள். பிறகு ஆட்களைக் கூஃபாவுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் ஆளுநர் மாளிகையில் அமர்ந்துகொண்டு மக்களை வரிசையாக அழைக்கவில்லை. பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்க் கேட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் நல்லதே சொன்னார்கள். தம் இறுதி நேரத்தில் உமர் (ரலி் ) அவர்கள், ஸஅதை நான் விலக்கியது திறமையின்மைக்காகவோ நாணயக் குறைவுக்காகவோ அன்று என்று சொல்லி அவர் பெயரையும் காத்துச் சென்றார்கள். நிருவாகக் கல்லூரிகளில் இன்று பெரும் பொருள் செலவிட்டுப் படிப்பதில் பாதி இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. முக்கியமாக, குற்றம் சாட்டப்பட்டவரின் அறையில் வைத்து விசாரணை நடத்தக் கூடாது என்பது.

நம் சமுதாயத்தின் நிலை இவ்விடயத்தில் விசித்திரமானது. ஒரே குடும்பத்தில் தந்தை முதலாளி, மகன் பணியாள். தந்தை கடை வைத்திருக்கிறார். மகன் சபுராளியாகி வளைகுடாவில் இருக்கிறான். அவன் தொலைபேசியில், கஃபீல் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டான், ஊர் வர விடமாட்டேன் என்கிறான் என்று அழுதால் வீடே கலங்குகிறது. ‘கஃபீல்’ என்ற சொல்லே நெஞ்சை உறுத்துகிறது. பொறுப்பேற்றுக் காப்பவர் என்பது அதன் பொருள். அநாதையின் கஃபீல் சுவனத்தில் என்னோடு இவ்வாறு இருப்பார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்களே, அதே சொல். 2020 இல் கத்தாரும் 2021 இல் சவூதி அரேபியாவும் தொழிலாளி வேறு வேலைக்கு மாறவும் நாடு திரும்பவும் முதலாளியின் தயவை எதிர்பார்க்க வேண்டிய விதிகளைத் தளர்த்தின. நல்லதே. ஆனால் மகனுக்காக அழுத அதே தந்தையின் கடையில் தென்மாவட்டத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய பள்ளிச் சான்றிதழ் கடை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சொல்லாமல் ஓடிவிடாமல் இருப்பதற்காகவாம். ரமளானின் கடைசிப் பத்தில் முதலாளி இஃதிகாஃப் இருக்கிறார். நோன்பு பிடித்த அந்தப் பையன் நள்ளிரவு வரை பெருநாள் வியாபாரத்தில் நிற்கிறான். எல்லாக் கடைகளும் இப்படி என்று சொல்லவில்லை. பணியாளரோடு ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் முதலாளிகளும், பணியாளின் மகளுக்குத் தம் மகளைப்போல நிக்காஹ் நடத்திவைப்போரும் நம்மில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் தன் சான்றிதழைத் திருப்பிக் கேட்க விரும்பினால் யாரிடம் போவான்? மஹல்லா ஜமாஅத்துக்கா? அங்கே தலைவர் நாற்காலியில் அநேகமாக அவனுடைய முதலாளியோ முதலாளியின் சம்பந்தியோ அமர்ந்திருப்பார்.

ஜமாஅத்துகள் மணவிலக்கையும் சொத்துத் தகராறையும் கேட்கின்றன. வேலைத் தகராறு மட்டும் அங்கு ஏறுவதில்லை. கடை நடத்தாத மூவரை, ஓர் ஆலிம், ஓய்வு பெற்ற அரசு அலுவலர், பணியாளர் குடும்பத்திலிருந்து ஒருவர் என்று அமர்த்தி, மாதம் ஒருநாள் இஷாவுக்குப் பின் கேட்கச் செய்தால் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. முதலாளிக்கும் அது பயன்படும். தம் மேற்பார்வையாளர் கீழ்த்தளத்தில் என்ன செய்கிறார் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரியவரும்.

வாங்கச் செல்கிறவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறோம். காட்டிய பெண்ணை அழைத்து மேற்பார்வையாளர் என்ன கேட்பார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் சற்று உட்கார்ந்திருந்தால் “கவனிக்க ஆளில்லையா?” என்று குரல் கொடுப்பவர்களும் நாமே. இருக்கை போட்டாயிற்று என்று சொல்லும் கடைகளில் அந்த முக்காலிகள் எங்கே இருக்கின்றன, அவற்றின்மேல் ஆள் இருக்கிறாரா அல்லது பிரித்த துணிகள் குவிந்து கிடக்கின்றனவா என்பதை, இந்தப் பெருநாளுக்குத் துணி எடுக்கப் போகும்போது குடும்பத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.